இன்னும் பேசாதவர்கள்

தலை முழுக்கக் கருப்பு டையை அப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளிடம் வந்து யாரும் எதையும் கேட்க மாட்டார்கள், குக்கரை இறக்கு என்று சொல்ல மாட்டார்கள், வாசலில் யார் பார் என்று சொல்ல மாட்டார்கள், அந்த நாற்பது நிமிஷம் மட்டும் அவள் எந்த வீட்டுக்கும் எந்த ஆபீசுக்கும் சொந்தமில்லை என்பதைச் சௌந்தரவல்லி கண்டுபிடித்துப் பதினைந்து வருஷம் இருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை. கிழிந்த நைட்டி, ஏற்கெனவே கறை பிடித்த துண்டு, நெற்றி ஓரத்தில் கறை ஒட்டாமலிருக்கத் தேங்காயெண்ணெய், இரண்டு கையிலும் மெல்லிய பிளாஸ்டிக் உறை. பழைய பல் பிரஷ்ஷால் வகிடு வகிடாகப் பிரித்துத் தடவி முடித்தபோது மணி நாலு அஞ்சு. நாலே முக்காலுக்கு அலசிவிடலாம். அஞ்சு மணிக்கு டெல்லிக்குப் பதில் போயாக வேண்டும். அதற்கு ஒரே ஒரு பொத்தானை அமுக்கினால் போதும், ஒரு நிமிஷ வேலை, மீதி நேரத்தில் நிதானமாகக் காபியே போட்டுக் குடிக்கலாம். இப்படி யோசித்தபோதுதான் அவளுக்கே வியப்பாக இருந்தது, என்ன இது, இவ்வளவு நிம்மதியாக இருக்கிறோமே என்று. எல்லையில் சண்டை தொடங்கி இன்றைக்கு ஒன்பதாம் நாள். எதிரே மடிக்கணினி திறந்தபடி இருக்கிறது. அறுபத்துமூன்று வரியில் அறுபத்திரண்டு பச்சையாகிவிட்டது, நாற்பத்தொன்றாவது மட்டும் சிவப்பாக நிற்கிறது. பயப்பட வேண்டிய நேரம். பயம் வரவில்லை. மின்விசிறிக் காற்று ஈரத் தலையில் பட்டுச் சில்லென்று இறங்கியது, பால்கனிக் கொடியில் வீட்டுக்காரர் நெல்லையப்பனின் வேட்டி ஆடியது, நாளைக்கு நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு, அரக்குக் கலர் பட்டா மயில்கழுத்துப் பட்டா என்று மனசு அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது.

அவள் வேலையை யாருக்காவது விளக்கிச் சொல்வதற்குள் பொழுது விடிந்துவிடும். தூது என்ற பெயரில் ஒரு செயலி, நாட்டில் பாதிப் பேர் அதில்தான் காலை வணக்கம் சொல்லிக்கொள்கிறார்கள், பூ அனுப்புகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அந்தக் கம்பெனி சிங்கப்பூரில் இருக்கிறது. ஆனால் இங்கே புகார் என்று வந்தால் பிடித்துக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளின் பெயரும் போன் நம்பரும் எல்லோருக்கும் தெரிய வேண்டும், கம்பெனி தப்பு செய்தால் அந்த ஆளைப் பிடித்து உள்ளே வைக்க வேண்டும் என்று ஒரு சட்டம். அந்த ஆள்தான் சௌந்தரவல்லி, குறைதீர் அலுவலர், நங்கநல்லூர், இரண்டாவது மாடி. டெலிபோன் டிபார்ட்மென்டில் ஆபரேட்டராக இருந்துகொண்டே மாலைக் கல்லூரியில் சட்டம் படித்தவள், விருப்ப ஓய்வில் வெளியே வந்தபோது இனிமேல் பேரன் பேத்தி என்று உட்காரலாம் என்றால் பேரனும் இல்லை பேத்தியும் இல்லை, சரி என்று இதில் சேர்ந்தாள். பொள்ளாச்சியிலிருந்து ஒருவர் வாரம் தவறாமல் எழுதுகிறார், தன் சம்சாரம் கடைசியாக எப்போது தூதுக்குள் வந்தாள் என்பது தனக்குத் தெரியவில்லை, கம்பெனி தலையிட்டுத் தெரிவிக்க வேண்டும் என்று. பாவம், அவருக்கு ஒவ்வொரு வாரமும் மரியாதையாகப் பதில் போகிறது. ஊரெல்லாம் குறை, எல்லாக் குறையும் அவள் நம்பருக்கு. அதில் அவளுக்கு ஒரு குஷி இருந்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை. முப்பது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பிறத்தியார் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்தவளுக்கு மௌனமான வீடு பிடிக்காது.

சண்டை வந்த பிறகு இந்தக் குறையெல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டது. தினம் ஒரு பட்டியல் வருகிறது, இன்னின்ன குழுவை மூன்று மணி நேரத்தில் மூடு என்று. நாட்டுக்கு ஒரு ஆபத்து என்றால் மூடத்தான் வேண்டும், அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. இன்றைக்கு ரெண்டு மணிக்கு வந்த பட்டியலிலும் முக்கால்வாசி அந்த ரகம்தான். ரயிலில் பீரங்கி போவதைப் பாலத்து மேலே நின்று படம் பிடித்துப் போட்டிருக்கிறான் ஒரு கூறுகெட்டவன், ஸ்டேஷன் பெயர்ப் பலகையோடு. இன்னொருத்தன் பழைய பூகம்பப் படத்தைப் போட்டு நம்ம ஊர் ஆஸ்பத்திரியில் குண்டு என்கிறான். அமுக்கு, அமுக்கு, அமுக்கு என்று அமுக்கிக்கொண்டே வந்தவள் நாற்பத்தொன்றில்தான் நின்றாள். குழுவின் பெயர் ‘பேசியாச்சா’. உறுப்பினர் முந்நூற்றுப் பதினெட்டு, அத்தனை பேரும் வேலூர்ப் பக்கத்து அஞ்சாறு ஊர்ப் பெண்கள், வீட்டுக்கு ஒருத்தன் பட்டாளத்துக்குப் போகிற ஊர்கள். குழுவுக்குள் என்ன பேசுகிறார்கள் என்று கம்பெனியாலேயே எட்டிப் பார்க்க முடியாது, உள்ளே இருக்கிற யாராவது படம் எடுத்து வெளியே கொடுத்தால்தான் உண்டு. யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஒரு கோடு போட்ட நோட்டுப் பக்கம், நீல மை, மேலே ‘இன்னும் பேசாதவங்க’ என்று தலைப்பு, அடியில் ஒரு கோடு. பச்சையம்மா மகன் லோகு, எட்டு நாள். தெய்வானை மகன் ஏழுமலை, ஒன்பது நாள். இப்படிப் பதினாலு பெயர், எல்லாம் அம்மா பெயரோடு. மகனோ புருஷனோ போன் செய்துவிட்டால் அந்தப் பெண் குழுவில் ‘பேசியாச்சு’ என்று ஒரு வார்த்தை போடுவாள், ராத்திரி எல்லாவற்றையும் பார்த்துப் போடாதவர்களை மட்டும் நோட்டில் எழுதிப் படம் எடுத்துப் போடுவார்கள் போல. எந்தப் படைப்பிரிவு, எந்த இடம், ஒன்றும் இல்லை. காரணம் என்ற கட்டத்தில் டெல்லி எழுதியிருந்தது, மக்கள் மனஉறுதியைக் குலைத்தல். முந்தாநாள்தான் ஒரு மந்திரி மைக் பிடித்து நம் தரப்பில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட இல்லை என்று முழங்கியிருந்தார். பதினாலு பெயர் அந்தப் பேச்சுக்கு இடைஞ்சல், அவ்வளவுதான் விஷயம். இதைப் புரிந்துகொள்ளச் சட்டம் படிக்க வேண்டியதில்லை.

அப்போது அவள் ஒரு காரியம் செய்தாள். யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது, கை செய்துவிட்டது. குழுவை நடத்துகிறவளின் நம்பர் படிவத்திலேயே இருந்தது. ‘வணக்கம். தங்கள் குழு இன்று மாலை 5 மணிக்கு மூடப்படும். வேண்டிய எண்களை அதற்குள் எழுதி வைத்துக்கொள்ளவும். குறைதீர் அலுவலர்.’ அனுப்பிய பிறகுதான் உத்தரவின் மேலே சிவப்பு எழுத்தில் இருந்த ‘ரகசியம்’ கண்ணில் பட்டது, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்தால் அதுவே குற்றம். தெரியாத சட்டமா? தினம் பார்க்கிற சிவப்புதானே? ஆனால் முப்பது வருஷப் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே, அது சிவப்பையும் பச்சையையும் பார்க்கிறதா என்ன. திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவள் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் லிடியா மேடம், சூப்பர்வைசர், பின்னால் வந்து நின்று சொன்னது: “லைனை வெட்டு, வேண்டாங்கல. சொல்லிட்டு வெட்டு. சொல்லாம வெட்டுறதுக்கு ஆபரேட்டர் எதுக்கு, கத்திரிக்கோல் போதும்.” வெளியூர் லைனுக்கு மூன்று நிமிஷம்தான் கணக்கு. மூன்று நிமிஷம் முடிந்தது, வெட்டப் போகிறேன், வேண்டியதைச் சொல்லி முடியுங்கள். ஒரு நாளைக்கு இருநூறு தடவை. தூக்கத்தில்கூடச் சொல்வாள் என்று கல்யாணமான புதிதில் அவர் கேலி செய்வார். அந்தப் பழக்கம்தான் இன்றைக்கு ரெண்டே முக்காலுக்கு விரலில் வந்துவிட்டது. அந்தப் பக்கமிருந்து ஒரே வரி, ‘சரிங்க மேடம். எழுதிக்கிறோம்.’ அந்தச் சரிங்க மேடத்தைப் பார்த்ததிலிருந்துதான் இந்த நிம்மதி, ஆமாம், அதிலிருந்துதான், அதன் பிறகுதானே எழுந்துபோய் டை பாக்கெட்டைப் பிரித்தாள். சொல்லிவிட்டோம். சொல்லிவிட்டு வெட்டுகிறோம். முறைப்படி நடந்தாயிற்று. இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்.

காதுக்குப் பின்னால் ஒரு சொட்டு இறங்கிக் கழுத்தில் ஊர்ந்தது. துடைத்தால் தேய்ந்து கறையாகும், துடைக்காவிட்டால் நைட்டிக்குள் போகும். பக்கத்து அறையில் டிவிக்காரன் எட்டுப் பேரைக் கட்டம் கட்டமாக உட்கார வைத்து ஒரே நேரத்தில் கத்த விட்டிருந்தான், எட்டுப் பேருமே ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. நெல்லையப்பன் இடுப்பில் கை வைத்தபடி வாசற்படியில் வந்து நின்றார், மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவர், எந்தக் கம்பியைத் தொடலாம் எதைத் தொடக் கூடாது என்பதில் கண்டிப்பான ஆள். “அந்த ஒண்ணு இன்னும் நிக்கு போலிருக்கே.” “நிக்கட்டும். அஞ்சு மணி வரைக்கும் நேரமிருக்கு.” “முடிச்சித் தொலைய வேண்டியதுதான? என்னத்துக்கு ஒண்ணை மட்டும் போட்டு வச்சிருக்க?” “அவங்க நம்பர் எழுதுதாங்க. முந்நூத்திப் பதினெட்டு நம்பர். நேரம் எடுக்கும்லா.” “அவங்க எழுதுதாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்?” “நான்தான் சொன்னேன்.” “சொல்லிட்டியா?” “சொல்லிட்டேன்.” “ரகசியம்னு போட்டிருக்கான், சொல்லிட்டேன்னு சொல்லுத. தலையில டையை வச்சிக்கிட்டு ராணி மாதிரி வேற உக்காந்திருக்க. உள்ள தூக்கி வச்சான்னா சோறு கொண்டு வாரது நான்தான், அது ஞாபகத்துல இருக்கட்டும்.” “உங்க சாம்பாரா? அதுக்குத் தண்டனையே மேல்.” அவர் சிரிக்கவில்லை, ஆனால் போகவும் இல்லை. துண்டின் நுனியை எடுத்து அவள் கழுத்துச் சொட்டை ஒற்றி எடுத்தார், தேய்க்காமல், ஒற்றி. கைரேகையெல்லாம் கருப்பாகிவிட்டது. எண்ணெய் போட்டுத் துடையுங்கள் என்று சொன்னாள். முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் இப்படி ஒற்றி எடுக்கக் கற்றுக்கொண்டதே பெரிது என்று நினைத்தபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

பயம் எங்கே போயிற்று என்று கொஞ்சம் தேடிப் பார்த்தாள். இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. ஜெயில் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், ஜெயிலில் டை கிடைக்காது, ஆறு மாதத்தில் தலை முழு வெள்ளையாகிவிடும், வளைகாப்புக்காரி பிள்ளை பெற்றுக் காட்ட வரும்போது இந்தப் பாட்டி யார் என்று கேட்பாள் என்று அதிலேயும் சிரிப்புத்தான் வந்தது. போன் அடித்தது. கையில் உறை, தலையில் சேறு, அவர்தான் எடுத்து ஸ்பீக்கரில் போட்டு ஒரு முழ தூரத்தில் பிடித்துக்கொண்டார். டெல்லி. தினம் பட்டியல் அனுப்புகிற அதிகாரி, குரலில் நல்ல மனுஷன், எப்போதும் மேடம்ஜி. அவர் இங்கிலீஷில் சொன்னது இவ்வளவுதான்: “அறுபத்திரண்டு வந்துவிட்டது மேடம்ஜி. ஒன்று பாக்கி.” “அஞ்சு மணி வரை நேரம் இருக்கிறது சார்.” “இருக்கிறது, இருக்கிறது. ஆனால் அந்த ஒன்றைத்தான் மேலே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.” “மேலே என்றால்?” “மேலே என்றால் மேலே, மேடம்ஜி.” அவர் பெருமூச்சு விட்டது இங்கே கேட்டது. அவருக்கும் சனிக்கிழமை, அவர் வீட்டிலும் யாரோ காத்திருப்பார்கள். சிங்கப்பூரிலிருந்து மதியமே ஒரு செய்தி வந்திருந்தது, உங்கள் முடிவில் நிறுவனத்துக்கு முழு நம்பிக்கை உண்டு என்று. அதற்கு அர்த்தம், மாட்டினால் நீ மட்டும் மாட்டு. எல்லோருமே பண்பானவர்கள். யாரும் ஒரு வார்த்தை கடுமையாகச் சொல்லவில்லை. பொத்தானில் அவள் விரல் பட்டால்தான் குழு மூடும், வேறு யார் விரலாலும் மூடாது, அதனால்தான் இத்தனை பண்பு.

நாலரை ஆகிவிட்டது. உச்சந்தலையில் அரிப்பு தொடங்கியது, டை பிடிக்க ஆரம்பித்ததற்கு அடையாளம். பதினாலு பெயரில் ஆறாவது பெயர், ரேணுகா மகன் தசரதன், ஒன்பது நாள். குழுவை நடத்துகிறவளின் பெயரும் ரேணுகாதான், அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு ரேணுகாம்பாள் பெயர்தான் வைப்பார்கள், வேறு ரேணுகாவாக இருக்கும் என்று மதியமே முடிவு செய்து தாண்டி வந்திருந்தாள், இப்போது திரும்ப வந்து காலில் இடறியது. வேறு ரேணுகாவாகத்தான் இருக்கும். இதை நினைக்கக் கூடாது என்று மயில்கழுத்துப் பட்டுக்குப் போனாள், அங்கேயிருந்து நேராக எக்ஸ்சேஞ்சுக்குப் போய்விட்டது மனசு, அந்தச் சித்திரை மாதத்து மத்தியானத்துக்கு. அவளுக்கு இருபத்தொரு வயது. எங்கேயோ வடக்கே ஒரு ராணுவ முகாமிலிருந்து ஒரு பையனுக்கு லைன் கிடைத்துவிட்டது, இந்தப் பக்கம் ஒரு அரிசிக் கடை போனில் அவன் அம்மா. அவளைக் கூட்டி வரவே ரெண்டு நிமிஷம் போய்விட்டது. வந்தவள் நல்லா இருக்கியா நல்லா இருக்கியா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். மூன்று நிமிஷம் முடிந்தது, வெட்டப் போகிறேன் என்றாள் சௌந்தரவல்லி, முறையாக, தெளிவாக. அந்த அம்மா, “சரிம்மா, உனக்குப் புண்ணியமாப் போகும், சொன்னியே” என்றாள். வெட்டினாள். அன்றைக்கு லிடியா மேடம் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். இத்தனை வருஷமும் அதை ஒரு நல்ல காரியமாகவே மனசுக்குள் எடுத்து வைத்திருந்தாள், யாரிடமாவது தன் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருந்தால் அதைத்தான் சொல்வாள். அன்றைக்கு போர்டில் எத்தனை லைன் காத்திருந்தது? மத்தியான நேரம், பாதி போர்டு காலியாகத்தான் இருந்தது. இன்னும் பத்து நிமிஷம் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இது ஏன் இதுவரைக்கும் தோன்றவே இல்லை.

நாலே முக்காலுக்கு எழுந்திருக்கப் போனவளை போன் உட்கார வைத்தது. வேலூர் நம்பர். அவர் பிடித்துக்கொண்டார். “மேடம், நான் ரேணுகா பேசறேன், பேசியாச்சா குரூப்பு.” பின்னால் நாலைந்து பெண்களின் குரல், ஒரு தையல் மிஷின் நின்று நின்று ஓடுகிற சத்தம். “எல்லா நம்பரும் எழுதிட்டோம் மேடம். ஒருத்திக்குப் பத்து பேருன்னு பிரிச்சிட்டோம். நைட்டுக்கு அந்தப் பத்து பேருக்கு அவ போன் பண்ணிக் கேக்கணும். படிக்கத் தெரியாதவங்க பன்னெண்டு பேரு, அவங்களை பக்கத்து வூட்டுக்காரிங்க கிட்ட உட்டுட்டோம். ஒரு அம்மாவுக்குக் காது கேக்காது, போன் பண்ணி பிரயோஜனம் இல்ல, அதை என் பத்துல வச்சிக்கினேன், நேராவே போயி சொல்லிக்கலாம். வேலை முடிஞ்சிடுச்சி மேடம். நீங்க மூடிக்குங்க.” சௌந்தரவல்லி மணி பார்த்தாள். “அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் இருக்கும்மா.” “பரவால்ல மேடம். எங்களுக்காக வச்சிட்டு உங்களுக்கு ஏதாச்சும் ஆகப் போவுது. நீங்க சொன்னதே பெரிசு. எங்களுக்கு யாரும் எதையும் சொல்றதில்ல. ஒன்பது நாளா எத்தினி ஆபீசுக்குப் போன் பண்ணிட்டோம், சொல்றோம்மா சொல்றோம்மான்றாங்க. நீங்க ஒருத்தர்தான் முன்னாடியே சொன்னீங்க. புண்ணியமாப் போவும்.” கேட்கக் கூடாது என்று இருந்தாள், வாய் கேட்டுவிட்டது. “அந்த நோட்டுல தசரதன்னு ஒரு பேரு இருக்கே.” “என் பையன்தான் மேடம்” என்றாள் ரேணுகா, கடை விலாசம் சொல்கிற குரலில். “நான்தான எழுதறேன், என் பேரை நானே உடக் கூடாதில்ல.”

வைத்துவிட்டாள். டிவியில் எட்டுப் பேரும் இன்னும் ஜெயித்துக்கொண்டிருந்தார்கள், அவர் போய் அதை அணைத்துவிட்டு வந்தார். புண்ணியமாகப் போகும். ரெண்டு பேரும் அதே வார்த்தை, முப்பத்தைந்து வருஷ இடைவெளியில். அரிசிக் கடையில் நின்ற அந்த அம்மா ஏன் கோபப்படவில்லை, இந்த ரேணுகா ஏன் கோபப்படவில்லை, பிள்ளையின் குரலைக் கேட்கக்கூட வழியில்லாதவர்கள் வெட்டுகிறவளுக்குப் புண்ணியம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள், அதை இவள் வாங்கி வைத்துக்கொண்டு மத்தியானம் பூராவும் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறாள். சொல்லிவிட்டு வெட்டினால் வெட்டு வெட்டில்லையா? லிடியா மேடம் தப்பாகச் சொல்லவில்லை, அவர்கள் சொன்னது லைனைப் பற்றி, அடுத்தவனுக்கும் லைன் வேண்டும் என்பதால் வெட்டினோம். இங்கே எவன் காத்திருக்கிறான் இந்த லைனுக்கு? ஒரு மந்திரியின் மேடைப் பேச்சு காத்திருக்கிறது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. தலை எரிய ஆரம்பித்துவிட்டது, நேரம் தாண்டினால் அப்படித்தான், முடி வேண்டுமானால் கொட்டட்டும். நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்தாள். “என்ன செய்யப் போற?” என்றார் அவர். “எழுதப் போறேன்.” உறை போட்ட விரலாலேயே தட்டினாள், எழுத்துப் பலகையெல்லாம் கருப்புத் தீற்றல். வரிசை எண் நாற்பத்தொன்று. படித்துப் பார்த்தேன். இடமோ படைப்பிரிவோ இதில் இல்லை. தாய்மார்கள் பிள்ளைகளைத் தேடுகிறார்கள். இதை மூடும்படியான காரணம் சட்டத்தில் இல்லை. மூட மறுக்கிறேன். மறுப்பது நிறுவனம் அல்ல, நான். உத்தரவு வந்ததை அவர்களுக்கு முன்கூட்டித் தெரிவித்ததும் நான்தான். கீழே முழுப் பெயர், பதவி, வீட்டு விலாசம். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் ஒரு தடவை அவருக்குப் படித்துக் காட்டினாள். கடைசி வரி வேண்டாமே என்று அவர் சொல்லுவார் என்று பார்த்தாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “விலாசத்துல பின்கோடு விட்டுட்ட” என்றார். அதையும் போட்டு அனுப்பினாள். மணி நாலு ஐம்பத்தாறு.

டெல்லி உடனே கூப்பிட்டது. “மேடம்ஜி, இது நிஜமாக நீங்கள் அனுப்பியதுதானா?” “நிஜம்தான் சார்.” “திங்கட்கிழமை உங்கள் இடத்தில் வேறு ஆளைப் போட வைத்து இதை மூடிவிடுவார்கள். தெரியுமில்லையா? உங்கள் கதை அத்தோடு முடியாது, அதுவும் தெரியுமில்லையா?” “தெரியும் சார். நடுவில் ரெண்டு சாயங்காலம் இருக்கிறது.” அவர் நல்லது என்றோ சரி என்றோ ஏதோ ஹிந்தியில் சொல்லிவிட்டு வைத்தார். அப்போதுதான் பயம் வந்தது, வரவேண்டியது வந்தது. ஆனால் பயத்துக்கு அடியில் அது இருந்தது, மத்தியானம் இருந்த நிம்மதி இல்லை, அது வேறு, இது இறுக்கமாக, கை வைத்தால் கிடைக்கிற மாதிரி இருந்தது. காபி வேண்டும் என்றாள். அவர் உள்ளே போய்ப் பாலை அடுப்பில் வைத்தார்.

அஞ்சு பத்துக்கு மறுபடியும் வேலூர் நம்பர். உறையைக் கழற்றி எறிந்துவிட்டு அவளே எடுத்தாள். “மேடம், அஞ்சு தாண்டிடுச்சி, இன்னும் குரூப்பு இருக்குது. மூட மறந்துட்டீங்களா?” “மறக்கல. மூடலை. திங்கட்கிழமை வரைக்கும் இருக்கும். அதுக்கப்புறம் என் கையில இல்ல. நீங்க பிரிச்ச பத்துப் பத்தை அப்படியே வச்சிக்குங்க.” அந்தப் பக்கம் தையல் மிஷின் நின்றுவிட்டது. ரேணுகா யாரிடமோ, மூடலையாம், மூட மாட்டேன்னு சொல்லிட்டாங்களாம் என்று சொன்னாள், யாரோ ஏதோ கேட்டார்கள். “ஏன் மேடம் இப்படிப் பண்ணீங்க? நாங்கதான் முடிச்சிட்டோம்னு சொன்னோமே. உங்களை இன்னா பண்ணுவாங்க?” “தெரியலம்மா.” “வந்து கூட்டினு போயிடுவாங்களா?” “போனாலும் போவாங்க.” “சொல்லிட்டுக் கூட்டினு போவாங்களா?” அந்தப் பக்கம் காகிதம் புரளுகிற சத்தம் கேட்டது. “அப்படின்னா உங்களை என் பத்துல சேத்துக்கறேன் மேடம். டெய்லி ஆறு மணிக்கு நான் கூப்பிடுவேன். நீங்க எடுத்துட்டீங்கன்னா குரூப்புல பேசியாச்சுன்னு போட்டுடறேன். எடுக்கலன்னா நோட்டுல உங்க பேரையும் எழுதி, எத்தினி நாளுன்னு போட்டுடுவேன். குரூப்பை மூடினா நோட்டு இருக்குது.” அவர் காபி டம்ளரோடு வந்து நின்றார். “உங்க முழுப் பேரு சொல்லுங்க.” “சௌந்தரவல்லி.” “அம்மா பேரு? எல்லாத்தையும் அம்மா பேரோடதான் எழுதறோம்.” ஐம்பத்தேழு வயதில் அதை அவளிடம் யார் கேட்கிறார்கள், அம்மா போய் இருபது வருஷம் ஆகிறது, கடைசியாக அதைச் சத்தமாகச் சொன்னது எப்போது என்றே ஞாபகமில்லை. “காந்திமதி” என்றாள். ரேணுகா வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினாள், ஒவ்வொரு எழுத்தாக, காந்திமதி மகள் சௌந்தரவல்லி.